புத்தளக் கரையோரத் தொண்டர் சங்கங்கள் – ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு என்றவுடன் அரசரையும் போர்களையும் ஆட்சிமாற்றங்களையும் எண்ணுவது நம்மிடையே ஊறிப்போன பழக்கம். சிற்றூர்ச் சங்கமொன்று தன் மாதக் கூட்டத்தில் எடுத்த தீர்மானமோ, இழவு வீட்டுக்கு அது கொடுத்தனுப்பிய பணமோ, பாடசாலை மண்டபத்தில் அது நடத்திய கண்சிகிச்சை முகாமோ வரலாற்றுப் பொருளாகக் கருதப்படுவதில்லை. ஆயினும் ஒரு சமூகம் தன்னைச் சேர்ந்தவருக்கு என்ன செய்தது, தன்னைச் சேராத அயலாருக்கு என்ன செய்தது என்னும் வினாக்களுக்கு விடைகாண விழைவோர் இத்தகைய சிறு சங்கங்களின் கதையையே முதலில் நாடவேண்டும்.

புத்தள மாவட்டக் கரையோரத்தில் தன்னார்வத் தொண்டு எவ்வெவ் வடிவங்களில் வளர்ந்து வந்தது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற பதவிகளோடும் யாப்பு விதிகளோடும் அமைந்த இன்றைய சேவைக் கழகம் கடல்கடந்து வந்த ஒன்று. ஆனால் அது வந்து இறங்கிய மண் வெறுந்தரையன்று. அங்கு ஏலவே வேரூன்றியிருந்த கூட்டுக்கடமைகளின் பலமும் பலவீனமும் பின்னர்த் தோன்றிய சங்கங்களிலும் தொடர்ந்தன. 1990ஆம் ஆண்டு இக்கரையோரத்துக்கு வந்த பெருஞ்சோதனை இவ்விரண்டையும் ஒருங்கே வெளிப்படுத்தியது.

நிலமும் மக்களும்

தெற்கே மகா ஓயாவிலிருந்து வடக்கே மோதரகம் ஆறுவரை நீண்டு கிடப்பது புத்தள மாவட்டம். சிலாபம் முன்னர்த் தனி மாவட்டமாக இருந்து பின்னர் இதனோடு இணைக்கப்பட்டது. கடலுக்கும் பெருநிலத்துக்கும் இடையே கற்பிட்டித் தீபகற்பம் ஒரு நீண்ட கைபோல வடக்கு நோக்கிக் கிடக்கிறது. அதன் அணைப்பில் புத்தளக் களப்பு அமைந்துள்ளது. தெற்கே முந்தல், சிலாபக் களப்புகள். உப்பும் மீனும் தென்னையும் இக்கரையின் பழம்பெரும் விளைபொருள்கள். ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய கற்பிட்டிக் கோட்டையும், கொழும்புவரை நீண்ட நீர்வழியும் இதன் வணிக முக்கியத்துவத்துக்குச் சான்று பகரும்.

மக்கள்தொகையின் கலப்பிலும் இது ஒரு தனித்துவம் வாய்ந்த பிரதேசம். முன்னேசுவரத்தில் சிவாலயம், உடப்பில் தீமிதிப்புக்குப் பெயர்பெற்ற திரௌபதியம்மன் ஆலயம், தலவிலவில் பல்லாயிரவரைத் திரட்டும் புனித அன்னம்மாள் தேவாலயம், புத்தளத்திலும் கற்பிட்டியிலும் பழைமை வாய்ந்த பள்ளிவாசல்கள், உள்நாட்டிலே பௌத்த விகாரைகள். நீர்கொழும்புக்கும் சிலாபத்துக்கும் இடைப்பட்ட கடற்கரையில் ஒரு காலத்தில் தமிழ் பேசிய கத்தோலிக்க மீனவருட் பலர் சென்ற நூற்றாண்டில் சிங்கள மொழிக்கு மாறினர். உடப்பிலும் புத்தளத்திலும் தமிழ் நிலைத்து நின்றது.

இக்கரையின் சமூக வழக்கங்களை எழுத்திற் பதிந்த முன்னோடி சைமன் காசிச்செட்டி. 1807ஆம் ஆண்டு கற்பிட்டியிற் பிறந்த அவர் 1834இல் இலங்கை பற்றிய இடவிளக்க அகராதியையும், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறான ‘தமிழ் புளுட்டாக்’ என்ற நூலையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். முக்குவர், பரவர் முதலிய சமூகத்தாரின் வழக்கங்களைப் பற்றியும் அவர் எழுதினார். சாதாரண மக்களின் நடைமுறையும் எழுதத்தக்கதே என்பதை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே உணர்ந்திருந்த ஒருவரை ஈன்ற மண்ணில், சங்கங்களின் வரலாறு எழுதப்படாது கிடப்பது வியப்புக்குரியது.

சங்கத்துக்கு முன் சங்கம்

பதிவு செய்யப்பட்ட சங்கம் தோன்றுமுன்னரே கூட்டுச் செயல் இக்கரையில் வாழ்வின் கட்டாயமாக இருந்தது. கரைவலைத் தொழிலை நோக்குக. ஒரு வள்ளம் வலையை அரைவட்டமாகக் கடலில் இறக்கி வரும். வலையின் இரு தலைப்புகளிலும் கட்டிய நீண்ட கயிறுகளைக் கரையில் நின்று இரு அணியினர் இழுப்பர். ஒருவரோ இருவரோ செய்யக்கூடிய தொழிலன்று இது. பல கைகள் ஒரே தாளத்தில் இயங்கவேண்டும். மீன் விற்ற பணத்திற் செலவு போக எஞ்சுவது வலைக்குரிய சம்மாட்டிக்கும் தொழிலாளருக்கும் பங்குகளாகப் பிரியும். பங்கு என்ற சொல் இங்கு பொருளாதாரச் சொல் மட்டுமன்று. உறவையும் உரிமையையும் குறிக்கும் சொல்லாகும். ஆயினும் இக்கூட்டுறவை இலட்சியப்படுத்துதல் தவறு. முன்பணம் பெற்ற தொழிலாளி சம்மாட்டியின் கடனாளியாகவே நெடுங்காலம் கழித்ததும் இதே அமைப்பின் மறுபக்கமாகும்.

வழிபாட்டுத்தலங்களைச் சூழ அமைந்த கடமைகள் இரண்டாவது வகையின. பள்ளிவாசல் ஜமாஅத் தன் எல்லைக்குட்பட்ட குடும்பங்களின் திருமணம், இழவு, ஸகாத் பங்கீடு ஆகியவற்றைக் கவனித்தது. கத்தோலிக்கப் பங்குகளில் மறைமாவட்ட அமைப்பின் கீழ்ப் பக்தி சபைகள் இயங்கின. 1833இல் பாரிசு நகரில் பிரெடரிக் ஒசானாம் முதலானோர் தொடங்கிய வின்சென்ட் டி போல் சபை வறியோரின் இல்லங்களைத் தேடிச் செல்வதைத் தன் விதியாகவே கொண்டது. 1939இல் சிலாபம் தனி மறைமாவட்டமாக்கப்பட்ட பின்னர் இத்தகைய பணிகள் மேலும் ஒழுங்குபெற வாய்ப்பேற்பட்டது.

மூன்றாவதாகவும், இலங்கைக் கிராமங்களின் வாழ்வில் மிக ஆழமாக ஊன்றியதாகவும் விளங்குவது மரண உதவிச் சங்கம். சிங்களவரிடையே மரணாதார சமிதி என்றும், முஸ்லிம்களிடையே ஜனாஸா நலன்புரிச் சங்கம் என்றும் வழங்குவது இதன் ஏனைய பெயர்கள். அதன் இயக்கம் எளிமையானது. ஒவ்வொரு குடும்பமும் மாதந்தோறும் சிறு சந்தா செலுத்தும். ஒரு வீட்டில் இழவு நேர்ந்தால் சங்கத்திலிருந்து ஒரு தொகை உடனே சென்றுசேரும். பந்தற்கால்களும் கதிரைகளும் பெரும் பாத்திரங்களும் வரும். உறுப்பினர் சென்று இரவு விழித்திருப்பர். வராதவரிடம் குற்றப்பணம் அறவிடும் வழக்கமும் பல ஊர்களில் உண்டு. இதன் சிறப்பு யாதெனில், கொடுப்போர் பெறுவோர் என்ற பிரிவு இதில் இல்லை. இன்று கொடுப்பவர் நாளை பெறுவார். மரணம் எல்லா வீட்டுக்கும் வருவதொன்றாதலின் எவரும் இதில் இரவலராக உணர்வதில்லை.

இம்மூவகை அமைப்புகளுக்கும் பொதுவானதொரு குறைபாடு உண்டு. இவை யாவும் தத்தம் எல்லைக்குள் இயங்கியவை. ஜமாஅத்தின் கடமை ஜமாஅத்துக்கே. பங்கின் கடமை பங்குக்கே. கரைவலையின் பங்கு அதை இழுத்தவருக்கே. அயலானுக்கும் அறிமுகமற்றவனுக்கும் செய்யவேண்டிய கடமை யாது என்ற வினாவை அவை எதிர்கொள்ளவேண்டிய நிலை எழவில்லை. அவ்வினாவைக் கொண்டுவந்தது ஒரு கொள்ளைநோய்.

1934ஆம் ஆண்டின் காய்ச்சல்

1934ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றி ஆற்றுப்படுகைகளிற் குட்டைகள் தேங்கின. தெளிந்த தேங்குநீரில் முட்டையிடும் நுளம்பு வகை பல்கிப் பெருகியது. அவ்வாண்டின் இறுதியில் மூண்ட மலேரியாக் கொள்ளைநோய் மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகளின் பள்ளத்தாக்குகளைத் தாக்கிற்று. கேகாலை, குருநாகல் மாவட்டங்களோடு சிலாபப் பகுதியும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. 1935ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் நாடளாவிய நிலையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. ஒரே வீட்டில் யாவரும் படுத்துவிட, நீர் கொடுப்பாருமின்றிக் கிடந்த குடும்பங்கள் பல. மரண உதவிச் சங்கத்தின் அடிப்படைக் கணக்கே இங்கு தகர்ந்தது. எல்லா வீடுகளிலும் ஒரே வேளையில் மரணம் புகுந்தபோது யார் யாருக்குக் கொடுப்பது?

அரசாங்கத்தின் கொயினா விநியோகத்தோடு, வெளியூர்களிலிருந்து வந்த தொண்டர்களும் நோய்கண்ட பிரதேசங்களுக்குச் சென்றனர். அவர்களுள் முதன்மையானோர் 1933இல் தொடங்கிய சூரியமல் இயக்கத்தினர். என். எம். பெரேரா, எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலியோர் இவ்வியக்கத்தின் வழியே நிவாரணப் பணியில் ஈடுபட்டனர். மருந்து மட்டும் போதாது, பட்டினியாற் பலமிழந்த உடலுக்கு ஊட்டமும் வேண்டும் என்பதைக் கிராமங்களில் நேரிற் கண்ட அவர்கள் மாமைற் உருண்டைகளையும் மருந்தோடு சேர்த்து வழங்கினர். 1935ஆம் ஆண்டு டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி உருவானபோது இவ்வனுபவம் அதன் அரசியலுக்கு அடித்தளமாயிற்று.

இந்நிகழ்வு இரு உண்மைகளைப் புலப்படுத்துகின்றது. ஒன்று, மொழியாலும் சமயத்தாலும் தொடர்பற்ற ஓர் அயலானின் வாசலுக்குத் தொண்டன் செல்லவேண்டும் என்ற கருத்து நடைமுறைக்கு வந்தது. மற்றது, தொண்டு செய்யப் புகுந்தவன் துன்பத்தின் காரணத்தை வினவத் தொடங்கினால் அரசியலுக்கு வந்துசேர்வான் என்பது. காரணத்தை வினவாது துன்பத்தை மட்டும் தணிக்கும் நெறியும் உண்டு. அடுத்து வந்த சேவைக் கழகங்கள் பெரும்பாலும் இந்நெறியையே தெரிந்துகொண்டன.

கடல்கடந்து வந்த கழகம்

1905ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் போல் ஹரிஸ் என்ற வழக்கறிஞர் தொடங்கிய றோட்டரிக் கழகம் 1929இல் கொழும்பில் கால்கொண்டது. 1917இல் மெல்வின் ஜோன்சு முன்னின்று தொடக்கிய லயன்ஸ் கழகம் 1950களின் இறுதியில் இலங்கைக்கு வந்தது. இவை தலைநகரிலிருந்து மாவட்டப் பட்டினங்களுக்குப் பரவின. இவற்றின் சமூக அடித்தளம் வெளிப்படையானது. தென்னந்தோட்ட உரிமையாளர், வணிகர், சட்டத்தரணிகள், வைத்தியர், வங்கி முகாமையாளர், பாடசாலை அதிபர்கள் ஆகியோரே உறுப்பினராயினர். அழைப்பின் பேரிலேயே அங்கத்துவம் கிடைத்தது. கூட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. பெண்களுக்கு இடமிருக்கவில்லை, லயன்ஸ் 1987இலும் றோட்டரி 1989இலுமே பெண்களை உலகளாவிய நிலையில் உறுப்பினராக ஏற்றன.

இக்குறைகளைச் சுட்டுவதோடு அமைந்துவிடுதல் நேர்மையாகாது. இக்கழகங்கள் சில புதிய பழக்கங்களைக் கொண்டுவந்தன. பதவிகள் ஆண்டுதோறும் மாறவேண்டும் என்ற விதி அவற்றுட் தலையாயது. ஊரின் பெரிய மனிதர் சாகும்வரை தலைவராக இருக்கும் வழக்கத்துக்கு இது நேர்மாறானது. கூட்டறிக்கை எழுதுதல், கணக்கை வாசித்து ஏற்றல், அடுத்த ஆண்டின் திட்டத்தை முன்கூட்டியே வகுத்தல் ஆகியனவும் அவ்வாறே. பல சமயத்தவரும் ஒரே மேசையில் அமர்ந்ததும் இக்கலப்பு மாவட்டத்தில் அற்பமான செய்தியன்று.

அவர்தம் பணிகளுட் கண்ணொளிப் பணி எடுத்துக்காட்டுக்குரியது. 1925ஆம் ஆண்டு லயன்ஸ் மாநாட்டில் ஹெலன் கெல்லர் விடுத்த வேண்டுகோளே இதன் தொடக்கம். கண்சிகிச்சை முகாம் ஒன்று நடைபெறும் முறையைக் கவனித்தால் உள்ளூர்ச் சங்கத்தின் பங்கு விளங்கும். கண்ணாடியையோ மருத்துவரையோ பணத்தினாற் கொண்டுவரலாம். ஆனால் எந்த ஊரில் எந்த மூதாட்டிக்குக் கண்ணிற் புரை படர்ந்துள்ளது, அவரை அழைத்துவர மகன் வீட்டில் இருக்கின்றானா, சத்திரசிகிச்சைக்கு அஞ்சும் அவருக்கு எவர் சொன்னால் நம்பிக்கை வரும் என்பன உள்ளூராருக்கே தெரிந்தவை. பள்ளிவாசலும் கோவிலும் தேவாலயமும் அறிவித்தாலன்றி முகாமுக்கு ஆட்கள் வாரார். ஆக, புதிய கழகம் பழைய அமைப்புகளின் தோள்மீது நின்றே தன் பணியை ஆற்றிற்று. 1985இல் றோட்டரி தொடங்கிய உலகளாவிய போலியோ ஒழிப்பு இயக்கத்துக்கும் இது பொருந்தும். 1993ஆம் ஆண்டுக்குப் பின் இலங்கையில் அந்நோய் கண்டோர் இல்லை. அதற்கு அரச சுகாதாரத் துறையின் குடும்பநல உத்தியோகத்தரும் ஊர்தோறும் உள்ள தாய்மாரும் முதற் காரணர். கழகங்கள் துணைக் காரணர்.

இதே காலப்பகுதியில் உள்நாட்டிலேயே முளைத்த இரு முயற்சிகளையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். 1950ஆம் ஆண்டில் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களின் முயற்சியால் அகில இலங்கை முஸ்லிம் வாலிபர் சங்கப் பேரவை உருவாயிற்று. முஸ்லிம்கள் வாழும் பட்டினங்களில் இளைஞரைக் கல்வி, சமூகப் பணிகளில் ஈடுபடுத்தி, ஜமாஅத்தின் எல்லையைத் தாண்டிய ஓர் இளைஞர் அமைப்பை அது சாத்தியமாக்கியது. 1958இல் நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவருடன் குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவ என்னும் ஒதுக்கப்பட்டோர் கிராமத்தில் நடத்திய சிரமதான முகாம் சர்வோதய இயக்கத்தின் தொடக்கமாயிற்று. புத்தளத்தின் அண்டை மாவட்டத்தில் எழுந்த இக்கருத்து விரைவில் நாடெங்கும் பரவியது. சேவைக் கழகத்துக்கும் சிரமதானத்துக்கும் இடையே அடிப்படை வேறுபாடு ஒன்றுண்டு. கழகம் கொடுக்கிறது; கிராமம் பெறுகிறது. சிரமதானத்தில் வந்தவரும் ஊரவரும் ஒன்றாக மண்வெட்டி பிடிக்கின்றனர், ஒன்றாக உண்கின்றனர். மரண உதவிச் சங்கத்தில் நாம் கண்ட சமநிலை இங்கு மீண்டும் தலைகாட்டுவதை நோக்குக.

1990: பெருஞ்சோதனை

1990ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதப் பிற்பகுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு ஒக்ரோபர் 30ஆம் நாளன்று அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலங்கள். வெளியேற்றப்பட்டோர் தொகை ஏறத்தாழ 75,000 என மதிக்கப்படுகின்றது. நகையும் பணமும் உறுதிப்பத்திரங்களும் பறிக்கப்பட்டு, உடுத்த உடையோடும் ஓரிரு பைகளோடும் மக்கள் வெளியேறினர். யாழ்ப்பாணத்தார் வவுனியாவழியாக வந்தனர். மன்னார்த் தீவினர் மழைக்காலக் கடலில் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். வந்தோரிற் பெரும்பான்மையோர் புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய நான்கு பிரதேசங்களில் தங்கினர். தமிழர் பலருக்கு இவ்வரலாறு கசப்பானது. கசப்பு என்பதற்காக மறைத்தல் வரலாற்று மாணவருக்கு அழகன்று.

இத்துணைப் பெருந்தொகையினரை எதிர்கொள்ள அரசிடமோ அனைத்துலக நிறுவனங்களிடமோ ஆயத்தம் எதுவும் இருக்கவில்லை. முதல் நாட்களில் அவர்களை ஏற்றோர் இக்கரையோர மக்களே. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்துவிடப்பட்டன. வீட்டு முற்றங்களிற் பெரும் பானைகள் அடுப்பேறின. தென்னந்தோட்டக்காரர் பலர் தம் நிலத்திற் குடிசை போட அனுமதித்தனர். கிடுகும் கம்பும் அங்கேயே கிடைத்தன. தில்லையடி, பாலாவி, ஆலங்குடா எனப் பல இடங்களில் முகாம்கள் எழுந்தன. இப்பணியைச் செய்தோர் எவர்? ஜமாஅத் நிருவாகிகள், வாலிபர் சங்கத்து இளைஞர், ஆசிரியர், வாகனம் வைத்திருந்த வணிகர், சமையற்கட்டில் நின்ற பெண்கள். இவர்கள் யாரும் இதற்கெனத் திட்டம் தீட்டியவரல்லர். திருமணத்துக்கும் இழவுக்கும் பெருநாளுக்கும் நூற்றுக்கணக்கானோருக்குச் சமைத்துப் பழகிய கைகள். பந்தல் போட்டுப் பழகிய தோள்கள். சங்கத்துக்கு முன்பிருந்த சங்கம் என நாம் மேலே குறிப்பிட்டதன் வலிமை இங்குதான் முழுமையாக வெளிப்பட்டது. எல்லை கடந்து அயலானுக்குச் செய்யும் கடமையை, எல்லைக்குட்பட்ட அமைப்புகளே அந்நாட்களில் ஏற்றன.

வந்தோர் ஒரே மொழியினர், ஒரே சமயத்தினர் என்பது இதனை எளிதாக்கியது உண்மை. ஆனால் அதனால் மட்டும் இது நிகழ்ந்ததெனல் பொருந்தாது. தன் குடிசைக்கே கூரை மாற்ற இயலாத தொழிலாளியும் தன் கிணற்றைப் பகிர்ந்துகொண்டான் என்பதற்குச் சமய ஒற்றுமை என்னும் ஒரு சொல் போதிய விளக்கமாகாது.

விருந்தினரும் அயலவரும்

விருந்து சில நாட்களுக்குரியது. சில வாரங்களில் திரும்பலாம் என்று வந்தவர் இருபது ஆண்டுகள் தங்கினர். இங்குதான் தொண்டின் இயல்பு மாறியது. அனைத்துலக நிறுவனங்கள் வந்தன. உலருணவுப் பங்கீட்டு அட்டை வந்தது. முகாம் என்பது நிருவாக அலகாயிற்று. முதல் நாட்களிற் சோறு கொடுத்த உள்ளூர்க் குடும்பம் ஏழ்மையால் நலிந்திருந்தும், அட்டை அதற்குக் கிடையாது. அதே வேளையில், கற்பிட்டித் தீபகற்பத்துத் தோட்டங்களில் நாட்கூலிக்கு ஆட்கள் பெருகியதால் கூலி தாழ்ந்தது. குடிநீர்க் கிணறு, வைத்தியசாலைக் கட்டில், பாடசாலை வகுப்பறை ஆகிய யாவற்றிலும் நெருக்கம் கூடிற்று. வந்தவரின் பிள்ளைகள் கல்வியில் முந்தியபோது பல்கலைக்கழக அனுமதிக்கான மாவட்டப் பங்கு பற்றிய முணுமுணுப்பும் எழுந்தது. அகதி, உள்ளூரான் என்னும் இரு சொற்கள் ஊரைப் பிரித்தன. நோர்வே நாட்டுப் புவியியலாளர் கத்ரின் புரூண், மானிடவியலாளர் ஷரிகா திராணகம ஆகியோரின் ஆய்வுகள் இந்நிலையை விரிவாக ஆராய்ந்துள்ளன.

குறை எவருடையது? கொடுப்போரின் நெஞ்சம் சுருங்கிவிட்டது என்பது மேலோட்டமான விடை. நிவாரண முறையின் அமைப்பையே நோக்குதல் வேண்டும். துன்பத்தை அது ஒரு வகுப்பினரின் உடைமையாக்கியது. அயலவரான இரு வறியவரை, ஒருவர் பெறத் தகுதியுடையவர், மற்றவர் தகுதியற்றவர் எனப் பிரித்தது. மேலும், பெறுவோர் என்ற நிலையிலேயே வந்தோரை அது நெடுநாள் நிறுத்திவைத்தது. மரண உதவிச் சங்கத்திற் காணும் மாறிமாறிக் கொடுக்கும் உறவு இங்கு இல்லை.

இதற்கு மாற்றுக் கண்டோர் உள்ளூர் அமைப்புகளே. இடம்பெயர்ந்த ஆசிரியர்கள் முகாம்களிற் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தனர். அவர்கள் நிவாரணம் பெற்றவர் மட்டுமல்லர், தொண்டரும் ஆயினர். கிராமிய அபிவிருத்தி மன்றம், சமூக நம்பிக்கை நிதியம் முதலிய அமைப்புகள் புத்தளத்தைத் தளமாகக் கொண்டு வளர்ந்தன. முஸ்லிம் பெண்கள் அபிவிருத்தி அறக்கட்டளை பெண்களின் குரலுக்கு இடமளித்தது. பெண்கள் சேமிப்புக் குழுக்கள் ஓரளவு பழைய சீட்டு முறையையே ஒத்தவை: வாரந்தோறும் சிறு தொகை, சுழற்சிமுறையிற் கடன், உறுப்பினரே பிணை. அங்கு இருப்பவர் எவரும் வெறுமனே பெறுபவரல்லர்.

2007இல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய புத்தள வீடமைப்புத் திட்டத்தில் இடம்பெயர்ந்தோருடன் உள்ளூர் வறியோரின் தேவையும் கருத்திற் கொள்ளப்பட்டது. பதினேழு ஆண்டுகளின் பின்னர் வந்த இப்பாடத்தை ஊரிலுள்ள சங்கம் ஒன்றின் செயலாளரிடம் 1991ஆம் ஆண்டிலேயே கேட்டிருந்தால் அவர் கூறியிருப்பார்.

2009இற் போர் முடிந்தபின் சிலர் மீண்டனர். பலர் இங்கேயே வேரூன்றினர். இரு ஊர்களிலும் வாழ்வோர் இன்னும் பலர். இம்மக்களின் இழப்பை முறையாக ஆவணப்படுத்தியோருள் பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியற் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லா முதன்மையானவர். மன்னார் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த அவர், வடக்கின் இரு சமூகத்தாரும் மீண்டும் ஒன்றாக வாழும் வழியைத் தேடியவாறே 2018இல் மறைந்தார். வெளியேற்றம் பற்றிய குடிமக்கள் ஆணைக்குழுவின் அறிக்கை 2011இல் வெளியானதும் குறிப்பிடத்தக்கது.

தொண்டிலிருந்து உரிமைக்கு

காரணத்தை வினவாத தொண்டு, வினவும் தொண்டு என்னும் வேறுபாட்டை மேலே குறிப்பிட்டோம். அண்மைக்கால நிகழ்வொன்று அதனை மீண்டும் நினைவூட்டுகின்றது. 2017ஆம் ஆண்டு ஏப்ரலிற் கொழும்பு மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் தலைநகரின் குப்பையைப் புத்தளத்தின் வடக்கே, சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த அருவக்காட்டில் கொட்டும் திட்டம் முனைப்புப் பெற்றது. 2018, 2019ஆம் ஆண்டுகளிற் புத்தளம் நகரில் இதற்கெதிராக நெடுநாட் தொடர்ந்த சத்தியாக்கிரகம் நடைபெற்றது. பள்ளிவாசல் நிருவாகத்தினரும் இளைஞரும் பெண்களும் சமய பேதமின்றி அதிற் கலந்துகொண்டனர். உள்ளூரார், இடம்பெயர்ந்து வந்தோர் என்ற பிரிவு அக்கொட்டகையிற் பெரிதாகத் தோன்றவில்லை. ஒரே களப்பின் நீரை நம்பி வாழும் அயலவராக இருதரப்பாரும் அமர்ந்தனர். சோறு பகிர்ந்த நாட்களில் தொடங்கிய உறவு, கசப்புகளைக் கடந்து, ஒரு பொதுக் கோரிக்கையில் வந்து நின்றது. திட்டம் நிறுத்தப்படவில்லை என்பதும் கூறப்படவேண்டிய உண்மையே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிபுகள் சிலவற்றைத் தொகுத்து நோக்கலாம். சேவைக் கழகம் என்ற வடிவம் வெளியிலிருந்து வந்ததாயினும், இக்கரையோரத்தில் அதற்கு உயிரளித்தவை இங்கிருந்த பழைய கூட்டுக்கடமைகளே. அப்பழைய அமைப்புகளுக்கு இல்லாதிருந்த இரு பண்புகளைப் புதியவை அளித்தன: சுழலும் பதவி ஒன்று, அயலானையும் உள்ளடக்கும் நோக்கு மற்றொன்று. புதியவற்றிற் குறைந்திருந்ததைப் பழையவை வைத்திருந்தன: கொடுப்பவனும் பெறுபவனும் ஒரே பாயில் அமரும் சமநிலை. இரண்டும் சேர்ந்த இடங்களிலேயே தொண்டு நிலைத்தது; பிரிந்த இடங்களில் அது தருமமாகவும் பின்னர் முணுமுணுப்பாகவும் முடிந்தது. ஆகவே ஒரு சங்கத்தின் வரலாற்றை அது பகிர்ந்த பணத்தைக் கொண்டு அளத்தல் போதாது. அதனிடம் உதவி பெற்றவர் எத்தனை பேர் பின்னர் அதன் உறுப்பினராயினர் என்று வினவுதல் வேண்டும்.

இவ்வினாவுக்கு விடை எங்கே கிடைக்கும்? நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்லிற் கிடைக்காது. அடுப்படியில் நின்ற பெண்களின் பெயர் அங்கு இல்லை. சங்கங்களின் கூட்டறிக்கைப் புத்தகங்கள், சந்தாப் பதிவேடுகள், பற்றுச்சீட்டுகள், முகாம்களிற் கையால் எழுதிய குடும்பப் பட்டியல்கள் ஆகியவற்றிலும், முதியோரின் நினைவிலுமே அது கிடைக்கும். உப்புக்காற்றில் தாள் விரைவில் நைந்துபோகும். 1990இல் இளைஞராக நின்று பந்தல் போட்டவருக்கு இன்று அறுபதை அண்டிய வயது. 2005ஆம் ஆண்டு முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவிற் பேணிவருகின்றது; ஆதலின் காக்கும் வழி இல்லையெனக் கூறுவதற்கில்லை.

விடுமுறைக்கு ஊர் திரும்பும் புத்தள மாவட்டத்து மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர்ச் சங்கத்தின் அலுமாரியை ஒருமுறை திறந்து பார்ப்பாராயின், சைமன் காசிச்செட்டி தொடங்கிய பணி தொடர்வதாகும். எழுதவேண்டியவர் வேறு எவருமிலர்.